கன்ட்ரோலும் இசட்டும்

வலது கை நடுங்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். ஒரு ஃபைலைத் திறக்க மவுஸை இரண்டு தடவை அமுக்கினால், முதல் அமுக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அம்பு நகர்ந்து பக்கத்து ஃபைலில் போய் நிற்கும். பத்து வரிகளைச் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டிய இடத்தில் பாதி வழியிலேயே நழுவ விட்டுவிடுவேன். மவுஸ் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிப் புதிது வாங்க வைத்தேன். புதிதும் அப்படியே ஆடியது. அதற்கப்புறம் மவுஸைக் குறை சொல்ல வழியில்லாமல் போயிற்று.

கோயமுத்தூரில் நரம்பு டாக்டர் ஒருவர், இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். "இது போற வியாதி இல்லைங்கம்மா. மெதுவா கூடத்தான் செய்யும். மாத்திரையில கொஞ்சம் புடிச்சு நிறுத்தலாம்" என்றார். என்ன வேலை என்று கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் வேலையை முடிந்தவரை குறைத்துக்கொள்ளச் சொன்னார். குறைத்துக்கொண்டு நான் எங்கே போவது என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு மாத்திரை எழுதியிருப்பார்.

நான் வேலை பார்ப்பது கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், தென்னை நார்த்தூளைக் கட்டிகளாக அமுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில். ஷெட்டின் ஓரத்தில் கண்ணாடி வைத்து மறைத்த ஒரு அறைதான் ஆபீஸ். இரண்டு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், எவ்வளவு துடைத்தாலும் போகாத தூசி. எந்தக் கண்டெய்னரில் எத்தனை கட்டி போகிறது, எடை என்ன, பெட்டியின் நம்பர் என்ன, சீல் நம்பர் என்ன என்று எக்ஸெலில் அடித்து, காகிதங்களைத் தயார் செய்வது என் பொறுப்பு. ஒரு எண் தப்பினால் பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்தில் நகராமல் நின்றுவிடும்.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவருக்கு அப்படித்தான் ஆயிற்று. முதலாளி திட்டவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் திட்டி அனுப்ப மாட்டார்கள். "நீங்க கொஞ்ச நாள் ஊட்ல ரெஸ்ட் எடுத்துக்கங்க" என்று தேங்காய் மூட்டை ஒன்றையும் காரில் ஏற்றி, வீடு வரை கொண்டுபோய் விடச் சொன்னார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. கோபமாக அனுப்பியிருந்தால் அந்த மனுஷர் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எனக்கு இந்த நாற்காலி போனால் வேறு இடமில்லை. அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணி நல்லவர்தான், ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் காலையில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போகிறவளுக்கு அந்த வீட்டில் வைக்கிற சோறு வேறு, நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பவளுக்கு வைக்கிற சோறு வேறு. அதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அதனால் மவுஸை ஓரமாகத் தள்ளிவிட்டேன். யூடியூபைப் பார்த்து, கீபோர்டிலேயே எல்லாவற்றையும் செய்யப் பழகினேன். பெரும்பாலானவற்றை இடது கையே பார்த்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது பெரிய ஆறுதல். கன்ட்ரோலோடு சி, வி, எஸ், இசட் எல்லாம் இடது பக்கம்தான். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆல்ட்டும் டேபும். ஃபைல்களைத் திறக்க விண்டோஸ் பட்டனோடு ஈ. கட்டத்துக்குள் இருப்பதைத் திருத்த எஃப் டூ. வரிகளைச் சேர்த்துப் பிடிக்க ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு அம்புக்குறி. மவுஸின் வலது பட்டனுக்குக்கூட கீபோர்டில் மாற்று இருக்கிறது, ஷிஃப்டோடு எஃப் டென். இதையெல்லாம் பழகிய மிதப்பில், நான் முன்னைவிட வேகமாகிவிட்டேன் என்றே நம்பினேன்.

எண்களை மட்டும் வலது கையால்தான் அடித்தாக வேண்டும். வலது பக்கத்து நம்பர் பட்டன்களில் விரல் நடுங்கினால் ஒரு எண் இரண்டாக விழும். விழுந்ததைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவேன். சில சமயம் ஷிஃப்ட் பட்டனின் மேல் விரல் நின்று ஆட, திரையில் ஒரு பெட்டி முளைத்து, பட்டன்களை அமுக்கச் சிரமமாக இருந்தால் உதவட்டுமா என்கிற மாதிரிக் கேட்கும். என் கையைப் பற்றி ஆபீசில் முதலில் கண்டுபிடித்தது அந்தக் கம்ப்யூட்டர்தான். எஸ்கேப்பைத் தட்டி அதன் வாயை மூடுவேன்.

அடுத்த மேஜையில் ஒரு பெண். என்னைவிடச் சில வயது இளையவள். உள்ளூர் லாரிக் கணக்கும் ஆட்கள் வருகையும் அவள் பார்க்கிறாள். அவள் வீட்டார் எங்கள் ஊர்த் தோட்டங்களில் தலைமுறையாகப் பண்ணைய வேலைக்கு இருந்தவர்கள். நாங்கள் தோட்டம் வைத்திருந்தவர்கள். தோட்டம் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது, வைத்திருந்தோம் என்கிற நினைப்பு மட்டும் போகவில்லை. அவள் என்னை அக்கா என்பாள். நான் அவளை "ஏனுங்க" என்று கூப்பிடுவேன். மரியாதைக்கு எந்தக் குறைச்சலும் கிடையாது. மதியம் நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் மற்றப் பெண்களோடு உட்காரப் போவேன், அவள் ஆபீசிலேயே தனியாகச் சாப்பிடுவாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். ஏன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, அவள் ஒரு நாளும் வந்ததில்லை.

என் கை இப்படி ஆன பிறகு அவள் மேல் எனக்குச் சந்தேகம் வேறு. என் நாற்காலி காலியானால் அடுத்தது அவள்தான், எக்ஸெல் நன்றாகத் தெரிந்தவள். நான் அடிக்கும்போது அவள் என் கையைப் பார்ப்பதாகத் தோன்றினால் வலது கையை மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு முறை முதலாளி வாசலில் நின்று, "ஏனுங்க அம்மணி, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைங்களே?" என்று கேட்டார். நல்லா இருக்கறனுங்க என்றேன். இவள்தான் போட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம். காலையில் ஒரு பெரிய லோடுக்கான ஃபைலை அடித்து, பிரின்ட் எடுக்காமல் அப்படியே திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் கை தவறி டெலீட்டில் பட்டு ஒரு கட்டம் காலியாயிற்று. கடைசியாகச் செய்ததை ரத்து செய்ய இடது கையால் கன்ட்ரோலும் இசட்டும் அமுக்கினேன். போனது வந்துவிட்டது. பதற்றத்தில் இன்னொரு தடவை அமுக்கியிருக்கிறேன்.

வேறொரு கட்டத்தில் ஒரு கண்டெய்னர் நம்பர் மாறியது. நடுவில் ஒற்றையாக இருந்த ஐந்து, இரண்டு ஐந்தாக ஆயிற்று.

ஏதோ குளறுபடி என்று நினைத்தேன். மறுபடி அமுக்கினேன். ஒரு எடையில் பூஜ்யம் கூடியது. மறுபடி அமுக்கினேன். சீல் நம்பரில் ஒரு எழுத்து இரட்டையாக நின்றது. நான் பார்த்து அடிப்பதற்காக ஷெட்டிலிருந்து எழுதிக் கொடுத்த லோடு சீட்டு மேஜை மேல் கிடந்தது, எடுத்து ஒப்பிட்டேன். திரையில் முன்பு இருந்ததுதான் சரி, இப்போது தெரிவதெல்லாம் தப்பு. நான் காலையில் அடித்துவிட்டுப் போன தப்பு. நான் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ என் கீபோர்டில் ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார்கள். நான் அதை ஒவ்வொன்றாகப் பழையபடி கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில் அறையில் இருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. என் மேஜைக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வேலையைத் தொட இவள் யார் என்று வந்தது. அப்புறம் அதுவும் அடங்கிப் போயிற்று. இத்தனை மாதமாக ஒரு பெட்டியும் துறைமுகத்தில் நிற்கவில்லையே, அது என் சாமர்த்தியம் என்றல்லவா இருந்தேன். என் கண்ணுக்கே தட்டுப்படாத தப்புகள் எத்தனை போயிருக்கும். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்திருந்தால் போதும், ஒரே வாரத்தில் எனக்குத் தேங்காய் மூட்டை கட்டியிருப்பார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துகூட அசையவில்லை.

"ஏனுங்க" என்றேன்.

"சொல்லுங்கக்கா."

நீங்கதான் திருத்துனீங்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டுவிட்டால் அவள் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும். அதற்கு மேல் என் கை நடுங்குவது எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயமாகிவிடும். "ஃபேனைக் கொஞ்சம் கொறச்சு வைங்க, காயிதம் பறக்குது" என்றேன். எழுந்து குறைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ரத்து செய்ததைத் திரும்பக் கொண்டுவர, கன்ட்ரோலோடு ஒய்யை அமுக்கினேன். சீல் நம்பர் சரியாயிற்று. மறுபடி அமுக்கினேன், எடை சரியாயிற்று. அவள் திருத்தியதையெல்லாம் இருந்தபடியே திரும்ப வைத்து, சேவ் செய்து, பிரின்ட் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அதுவும் ஆடியது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் எங்கள் பக்கத்தில் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த நாள் மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாங்க, சேர்ந்து சாப்பிடலாம் என்று அவளைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் தோன்றாதது, அன்றைக்குத்தான் நெஞ்சாரத் தோன்றியது. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். அவள் என்னோடு வந்துவிட்டால், நான் காலையில் அடித்து வைத்ததை யார் பார்ப்பார்கள்?

ஃபைலை மூடவில்லை. லோடு சீட்டைக் கண்ணில் படுகிற மாதிரி கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நான் சாப்புட்டுட்டு வாரனுங்க" என்றேன்.

"மெதுவா சாப்புட்டுட்டு வாங்கக்கா" என்றாள்.

மெதுவாகச் சாப்பிட்டேன்.