கண்ணை மூடிக்கொண்டு வீடு தேடியது

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. பிறப்பது தாயின் வீட்டில். அது பின்னர் சகோதரிக்குப் போய்விடும். கல்யாணம் கட்டினால் மனைவியின் வீடு. மகளுக்குக் கல்யாணமானால் அந்த வீடு மகளுக்கு. தாயும் தகப்பனும் அதே வளவில் பின்பக்கமாக இரண்டு அறை போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இதில் யாரும் யாரையும் துரத்துவதில்லை. வீட்டுப் பத்திரமான உறுதி பெண்களின் பெயரில் எழுதப்படும். ஆண்கள் பக்கத்தில் நின்று நல்ல முகத்தோடு தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன்.

மகளுக்கு எழுதிக்கொடுத்து நானும் மனைவியும் பின்னுக்கு ஒதுங்கி ஒன்றரை வருடம். பின்னறைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குசினிக்குக் கிட்ட என்பதால் தேத்தண்ணி ஆறாமல் வரும். முன் வீட்டில் எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு சின்ன அறை மட்டும். வீதிப்பக்கம் ஒரு யன்னல், ஒரு மேசை, ஒரு கதிரை, புத்தக அலுமாரி. பாடசாலையில் படிப்பித்த நேரம் போக என் வாழ்நாளின் மீதி அங்கேதான் கழிந்தது. ஞாயிறு பத்திரிகைக்கு நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளும் அங்கேதான் பிறக்கும். அவற்றுக்கு ஐந்தாறு வாசகர்கள் உண்டு. அதில் இருவர் உறவினர்.

மருமகன் வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவர். நல்ல பிள்ளை. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“மாமா, அந்த அறைய நான் எடுத்தா உங்களுக்குக் கஷ்டமா? அலுமாரியப் பின்னுக்கு வைக்கலாம்.”

“எனக்கென்ன பிரச்சின தம்பி? தாராளமா எடுங்க.”

இது நான் ஐம்பத்தெட்டு வருடமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். கறியில் உப்பில்லையென்றாலும் பிரச்சினையில்லை, கஷ்டப் பிரதேசத்துக்கு இடமாற்றம் வந்தாலும் பிரச்சினையில்லை. ஊரில் இதற்காகவே எனக்கு நல்ல பெயர். அன்றிலிருந்து பிரஷர் ஏறத் தொடங்கியது. கிளினிக்கில் டொக்டர் பிள்ளை பிரஷர் குளிசையின் அளவைக் கூட்டிவிட்டு, “மனசில என்ன ஐயா வைச்சிருக்கிறீங்க?” என்றாள். “ஒண்டுமில்ல” என்றேன். அவள் கையில் பட்டியைக் கட்டி மறுபடி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

இதைக் கேட்ட மகள் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் நடக்கும் ஒருநாள் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாள். உடல்நலம், உள்ளத்தின் காயம் ஆறுதல், உண்மையான உங்களை நீங்களே கண்டடைதல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. கண்டடைந்தால் கொண்டுவந்து எங்கே வைப்பது, இருக்கிற அறையும் போகப்போகிறதே என்று நினைத்தேன். பயிற்சி சனிக்கிழமை. அலுமாரியைத் தூக்க ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு.

பன்னிரண்டு பேர் பாய்களில் இருந்தோம். என் பக்கத்தில் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒருவர். என் வயதுதான், சீனி வருத்தக்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். காலை முழுவதும் மூச்சு விட்டோம். இத்தனை காலமும் நான் அதைப் பிழையாகச் செய்துவந்தது அங்கேதான் தெரிந்தது. பிறகு, கொழும்பிலிருந்து வந்திருந்த பயிற்றுநர் அம்மையார் மெல்லிய குரலில் சொன்னார்:

“கண்களை மூடுங்கள். உங்களுடைய சொந்த வீட்டுக்குப் போங்கள். நீங்கள் நீங்களாக இருக்கும் அறையைத் திறங்கள். உள்ளே யார் இருக்கிறார்?”

சொன்னதைச் செய்கிற மாணவன் நான். முதலில் பிறந்த வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் தங்கையின் புருஷன் சாரனோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். “வாங்க மச்சான், எப்ப வந்த?” என்று விருந்தாளியை விசாரிப்பதுபோல விசாரித்தார். அங்கிருந்து இப்போதைய வீட்டுக்கு வந்து என் அறையைத் திறந்தேன். உள்ளே மருமகன், காதில் கருவியை மாட்டிக்கொண்டு யாரோ வெள்ளைக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். பின்னறைக்குப் போனால் கட்டில் முழுக்க மடிக்காத உடுப்பு. இருக்க இடமில்லை.

கண்ணைத் திறந்து கையை உயர்த்தினேன். “மேடம், எனக்குச் சொந்த வீடு இல்ல.”

அவர் இதை ஆழமான கருத்தென்று எடுத்துக்கொண்டார். “எல்லோருக்கும் உள்ளே ஒரு வீடு இருக்கிறது ஐயா.”

“இல்ல மேடம். உறுதிப்படியே இல்ல.”

புடவைக்கடைக்காரர் கண்ணைத் திறக்காமலே, “எனக்கும் இல்ல மேடம். ரெண்டு மகள், ரெண்டு வீடு கட்டினன். இப்ப மூத்தவட வீட்டு மாடிப்படிக்குக் கீழதான் நம்மட அறை” என்றார். ஆண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் வழமையை விளக்கிச் சொன்னோம். அம்மையார் புத்திசாலி. கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அறையில் இருந்தவரிடம் என்ன சொன்னீர்கள்?”

“மன்னிப்புக் கேட்டன்.”

“எதற்கு?”

பகல் சாப்பாட்டின்போது புடவைக்கடைக்காரர் என் கதையை முழுதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“சேர், நீங்கதானே தாராளமா எடுங்க எண்டு சொல்லியிருக்கீங்க. எடுக்கிறதுல அந்தப் பிள்ளைட பிழை என்ன?”

“அப்ப உங்கள மட்டும் படிக்குக் கீழ விட்டது சரியா காக்கா?”

“ஆரு விட்ட? நானே கேட்டு எடுத்தன். மேல சூடு சேர்.”

திரும்பி வரும் பஸ்ஸில் சொல்லவேண்டியதை அமைத்துப் பார்த்தேன். தமிழ் படிப்பிப்பவனுக்கு ஒரு வாக்கியம் பெரிய வேலையா? ஏறாவூர் தாண்டியும், ‘எனக்கு’ என்று தொடங்கினால் அது ‘பிரச்சினையில்லை’ என்றே போய் முடிந்தது.

பின்னேரம் வீட்டுக்குள் நுழையும்போதே மகள் கேட்டாள். “எப்பிடியப்பா, நல்லா இருந்ததா?”

“அந்த அறையக் குடுக்க எனக்கு விருப்பமில்ல மகள்.”

மருமகன் கதிரையை விட்டு எழுந்தார். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மூண்டு தரம் கேட்டம் அப்பா! மூண்டு தரமும் சிரிச்சிட்டு ஓமெண்டீங்க. நாளைக்கு ஆக்கள் வாறாங்க. இவர் எங்க இருந்து வேலை செய்யிற?”

“அது எனக்குத் தெரியா. எனக்கு அந்த யன்னல் வேணும்.” குரல் உயர்ந்தது. என் குரல்தான். பக்கத்து வளவு நாய் ஒருமுறை குரைத்தது.

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மாமா” என்றார் மருமகன். “கேட்ட நாள்ல இருந்து உங்கட முகத்தப் பாக்கவே எனக்குக் கூச்சம்.”

சத்தம் கேட்டு மனைவி குசினியிலிருந்து வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள்.

“நீங்க குடுக்கிற ஒரு அறை. நான் முழு வீட்டையும் குடுத்தன். எனக்கு அது பிரச்சினையா எண்டு ஆராவது கேட்டீங்களா?”

அது அவளுடைய தாய் அவளுக்குக் கொடுத்த வீடு. உறுதி எழுதிய அன்று அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள் என்று நினைத்திருந்தேன். நானும்தான் அன்று சந்தோசமாக இருந்தேன், பார்த்தவர்களுக்கு.

“பிரச்சினையா?” என்று கேட்டேன்.

“ஓம். பின்னுக்கு ஒரே இருட்டு. தையல் மெசின்ல ஊசி கோக்க ஏலாம ஒன்றரை வருசமாக் கிடக்கு. உங்களுக்கு யன்னல் வேணுமெண்டா எனக்கும் வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை, அலுமாரியைத் தூக்க வந்தவர்கள் மெசினைத் தூக்கி என் யன்னலடியில் வைத்தார்கள். மருமகன் கூடத்து மூலையில் மேசை போட்டுக்கொண்டார். மெசின் ஓடும்போது அது என்ன சத்தம் என்று அந்தப்பக்கத்து வெள்ளைக்காரர் அடிக்கடி கேட்கிறாராம். மகள் மூன்று நாள் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் சட்டையொன்றைத் தைக்கக் கொண்டுவந்தாள். என் குளிசை குறையவில்லை. யன்னலில் முக்கால்வாசி இப்போது மெசினுக்கு. எழுத வெளிச்சம் போதவில்லை என்று நேற்று மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

“அப்ப கதிரையத் தள்ளிப் போடுங்க” என்றாள், காலை மெசினிலிருந்து எடுக்காமல்.

தள்ளிப் போட்டேன். இன்னும் போதவில்லை. அதையும் சொன்னேன்.