இரண்டாம் பக்கத்தின் கடைசியில்

மாமா கேட்ட பாட்டுகளைப் பற்றி எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. நெல் குற்றும் மில்லின் சத்தத்தையும் கெசட்டில் அடைத்து அனுப்புகிறவன் இருக்கிறான், அதைக் கேட்கிறவனும் இருக்கிறான் என்று வாப்பா சொல்வார். உம்மா அதைப் பாட்டு என்றே ஒப்புக்கொண்டதில்லை. யாரோ ஒரு பிள்ளையைக் கட்டிவைத்து அடிக்கிறார்கள், அது கத்துகிறது, அதைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதன் எப்படிச் சோறு தின்கிறான் என்பதுதான் அவளுடைய கவலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாமாவுக்கு ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்பது வயது. நான் மாமாவின் கட்சி.

மாமா உம்மாவின் ஒரே தம்பி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்வீடு போய்ச் சேரும்வரை தாய்வீட்டில் இருப்பான். மாமாவின் தாயும் தகப்பனும் முன்பே மௌத்தாகிவிட்டதால் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறை அவருடையதாக இருந்தது. குடும்பத்து வயலைச் செய்வதும் அவர்தான். வயல்வெளியை எங்கள் ஊரில் வட்டை என்போம். வட்டையில் இருந்து வந்து, குளித்து, பின்னேர அஸர் தொழுதுவிட்டு, முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு றேடியோப் பெட்டியில் கெசட்டைப் போடுவார். வாய் திறக்காமல் இருப்பதாக வாக்குக் கொடுத்தால் என்னையும் உள்ளே விடுவார்.

அந்தக் கெசட்டுகள் வந்த வழி சுற்றுவழி. பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவில் மாமாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். கல்முனையில் இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். கூட்டாளியின் அண்ணன் நோர்வேக்கு அகதியாகப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவரோடு வேலை செய்த நீளமுடிப் பையன் ஒருவன், கிற்றாரும் ட்ரம்ஸும் உறுமலுமான இப்படியான கெசட்டுகளைச் சேர்க்கிறவன். அவற்றில் பாதி கடையில் விற்காதவை. அல்பம் போடக் காசில்லாத பையன்கள் தங்கள் வீட்டு நிலவறையில் தாங்களே பதிந்து, கூட்டாளிகளுக்குத் தபாலில் அனுப்புகிறவை. அதற்கு டெமோ என்று பெயர். அப்படி ஏதோ ஒரு குளிர்நாட்டு நிலவறையில் போட்ட கூச்சல், கடல் தாண்டிக் காரைதீவுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் முன்னறைக்கு வந்துகொண்டிருந்தது.

காரைதீவில் இருந்து எங்கள் வீட்டுக்கு வருவதுதான் கடைசித் துண்டு, அதுதான் கஷ்டமான துண்டும். சைக்கிளில் போனால் ஊற்றி வைத்த பிளேன்ரீ ஆறுவதற்குள் கூட்டாளியின் வீட்டு வாசலில் நிற்கலாம். ஆனால் தொண்ணூறில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் பகையான பிறகு அவர் எங்கள் ஊருக்குள் வர முடியாது, மாமா அந்த ஊருக்குள் போக முடியாது. இரண்டு ஊரிலும் ஆட்கள் செத்திருந்தார்கள். இரண்டு ஊரிலும் பழிக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். காரைதீவில் இருந்து தயிர் விற்கிற அம்மா மட்டும் வந்து போனார். சனம் என்னதான் வெட்டிக்கொண்டு செத்தாலும் தயிர் வேண்டியிருந்தது. அவருடைய கூடையில், சட்டிகளுக்கு நடுவே, பழஞ்சீலையில் சுற்றிக் கெசட்டுகள் வரும், போகும். பாதைச் சென்றியில் காவல் நின்ற ஒருவன் ஒருமுறை அதைப் பிரித்து மண்டையோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டானாம். பேரப்பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றார்.

நேரில் கதைக்க முடியாதபடியால் இருவரும் கெசட்டில் கதைத்தார்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் பாட்டு முடிந்ததும் கொஞ்சம் வெற்று நாடா மிஞ்சும். அதில் கூட்டாளி தன் அபிப்பிராயத்தைப் பேசி அனுப்புவார். மாமா முழுவதையும் கேட்டுவிட்டு, இன்னொரு கெசட்டில் தன் தீர்ப்பைப் பதிந்து திருப்பி அனுப்புவார்.

தீர்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மாமா வாழ்க்கையில் எதிலும் கண்டிப்பில்லாதவர், இதில் மட்டும் காழி நீதவான். கூட்டாளி சொல்வார்: "மச்சான், இந்த ட்ரம்ஸ்காரன் படியில இருந்து விழுற மாதிரி அடிக்கான். ஆனா விழுந்து முடியிறான் இல்ல. அதுதான் எனக்குப் பிடிச்சிரிக்கி." மாமா பதில் பதிவார்: "டெமோவில இவனுகளுக்கிட்ட ஒரு பயம் இருந்திச்சி. அல்பத்தில அதக் கழுவித் துடைச்சிட்டானுகள். பதர் மச்சான், முழுக்கப் பதர்." பிடிக்காததெல்லாம் அவருக்குப் பதர். பிடித்தும் பிடிக்காமலும் இருந்தால், அவனுக்கு இன்னும் வயசாக வேணும் என்பார்.

ஒருமுறை இருவரும் பெரிதாகக் கொழுவிக்கொண்டார்கள். அந்தக் கெசட் முழுக்கச் சாவையும் பிணத்தையும் பற்றிய பாட்டாம். மாமா பதிந்தார்: "மையத்து மையத்து எண்டு கத்துறானே, ஒரு மையத்தையாவது குளிப்பாட்டி இரிக்கானா இவன்?" அடுத்த தயிரோடு பதில் வந்தது. "காணாததாலதான் மச்சான் அவனுக்குப் பாட ஏலுமா இரிக்கி. நாம பாடுறமா?" மாமா பெட்டிக்குள் இருந்து பெட்டரிகளை எடுத்து மதிலில் வெயிலுக்கு வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இறங்கிப்போன பெட்டரியை வெயிலில் காய வைத்தால் இன்னும் ஒரு நாளைக்குப் பாடும். எங்கள் வீட்டு மதிலில் எப்போதும் பெட்டரிகள் வரிசையாக நிற்கும்.

அந்த மாசியில் வெள்ளாமை வெட்டுவதற்காக மாமா வட்டைக்குப் போனார். கூட நாலு பேர் போனார்கள். ஆயுதம் வைத்திருந்தவர்கள் அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தார்கள். மூன்று பேரை உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து அடக்கினார்கள். மாமாவும் இன்னொருவரும் கிடைக்கவில்லை. வாய்க்கால் கரையில் அவருடைய ஒரு செருப்பு கிடந்தது என்று சிலர் சொன்னார்கள், அது அவருடையதில்லை என்று உம்மா சொன்னாள்.

சில வாரம் கழித்துப் பள்ளிவாசல் பெரியவர்கள் வாப்பாவிடம் வந்தார்கள். மையத்து இல்லாமலே இறந்தவருக்காகத் தொழுகிற தொழுகை ஒன்று உண்டு, காயிப் ஜனாஸா என்பார்கள். அதைத் தொழுதுவிடலாம் என்றார்கள். உம்மா திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மையத்தக் காட்டுங்க. மறுகா தொழுங்க" என்றாள். பெரியவர்கள் எழுந்து போனார்கள். காலையில் மாமாவின் பெட்டரிகளை மதிலில் வைப்பாள், வெயில் சாய எடுத்து உள்ளே வைப்பாள். வந்தால் தேடுவான் என்பாள். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. வாப்பா கல்முனைக் கடைக்குப் போய் வருகிற மாதிரித்தான் மாமாவும் எங்கேயோ போயிருக்கிறார், வழியில் ஏதோ சுணக்கம் என்று நினைத்தேன்.

பாதை மூடிக் கிடந்ததால் தயிர்க்கார அம்மா நெடுநாள் வரவில்லை. அவர் மறுபடி வந்தபோது கூடையில் ஒரு கெசட் இருந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "இத அனுப்பின தம்பிட்ட நான் ஒண்டும் சொல்லல்ல தங்கச்சி. எனக்கு வாய் வரல்ல" என்றார்.

"அவனுக்கிட்ட ஒண்டும் செல்லாதீங்க" என்றாள் உம்மா.

அன்று அஸருக்குப் பிறகு உம்மாவே பெட்டியை எடுத்துவந்து முன்னறையில் வைத்தாள். எத்தனையோ நாள் வாசலில் நின்று திட்டிய சத்தத்தைப் பாயில் உட்கார்ந்து, முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும், ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் கேட்டாள். கடைசியில் கூட்டாளியின் குரல் வந்தது. கெசட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "உங்கட பக்கம் வட்டையில பிரச்சின எண்டு கேள்விப்பட்டன் மச்சான். பேர் ஒண்டும் தெரியா. நீ சுகமா இரிக்கிறியா? அத மட்டும் சொல்லி அனுப்பு" என்றார்.

உம்மா பெட்டியை நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீதான அவனோட இரிந்து கேட்ட. அவன் செல்ற மாதிரி நீ செல்லு புள்ள. தம்பி வந்தா, ஏன் பதில் அனுப்பல்ல எண்டு கேப்பான்."

இதைவிடப் பெரிய கௌரவம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. வேறொரு கெசட்டைப் போட்டு, பதிவதற்கு இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமத்தினேன். தொண்டையைச் செருமினேன், மாமாவும் அப்படித்தான் செருமுவார். உம்மா அறைவாசலில் நின்றாள்.

"இது மருமகள் கதைக்கிறன். கெசட் கேட்டன். முதல் பாட்டு பதர். ரெண்டாவதில கிற்றார் நல்லம், ஆனா பயம் இல்ல. மாமா வட்டைக்குப் போனவர். வெள்ளாம வெட்டப் போனவர். இப்ப மற்றப் போகமும் விதைச்சி முடிஞ்சிட்டு. வந்த உடனே அவரே கதைப்பார். உம்மா சுகமா இரிக்கா. உம்மா அழுறல்ல."

உம்மா என்னைத் தடுக்கவில்லை. கெசட்டைச் சீலையில் சுற்றி, அடுத்த முறை தயிர் வந்தபோது கூடையில் வைத்தாள்.

அதற்கடுத்த வாரம் தயிர்க்கார அம்மா தயிர்ச் சட்டி இல்லாமல் வந்தார். கூடை நிறைய ஒரு மூட்டை மட்டும் இருந்தது. அவிழ்த்தால் எல்லாம் மாமாவின் சாமான்கள். மாமா தீர்ப்புச் சொல்லி அனுப்பிய கெசட்டுகள் அத்தனையும் அதில் இருந்தன. படிக்கிற காலத்தில் இரவல் கொடுத்த நீலச் சட்டை துவைத்து மடித்து இருந்தது. அடியில் மாமாவின் பேர் எழுதிய பௌதிகப் புத்தகம்.

"ஏன் எல்லாத்தையும் தந்தான்?" என்று உம்மா கேட்டாள்.

தயிர்க்கார அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பிடியே சொல்லச் சொன்னவன் தங்கச்சி. 'அவன்ட சாமான் ஒண்டும் இனி என்னட்ட இல்ல. அவன் எனக்குத் தர வேண்டியதும் ஒண்டும் இல்ல. ஏதும் இருந்தா நான் பொறுத்திட்டன். அவன்ட ராத்தாட்ட சொல்லுங்க' எண்டவன்."

"எவன் இதச் செல்லச் சொன்ன அவனுக்கு?" என்றாள் உம்மா. சத்தமாகத்தான் சொன்னாள். பிறகு நிலத்தில் உட்கார்ந்தாள். தயிர்க்கார அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கூட்டாளிக்குக் கோபம். அவர் ஆசையாக அனுப்பிய கெசட்டை நான் பழித்துவிட்டேன், அவர் சாமான்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"நான் பதர் எண்டதாலயா உம்மா?" என்று கேட்டேன். உம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

எங்கள் ஊரில் ஜனாஸாத் தொழுகைக்கு மையத்தை முன்னால் வைத்ததும், உரிமைக்காரர் ஒருவர் எழுந்து நின்று சொல்வார்: இவர் யாருக்கும் ஏதும் கொடுக்க வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாமாவின் தகப்பனுடைய ஜனாஸாவில் அப்படி எழுந்து நின்று சொன்னவர் மாமா. அது தொண்ணூறுக்கு முன்பு; அந்தக் காரைதீவுக் கூட்டாளியும் வந்திருந்தாராம். தலையில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே நின்று கேட்டாராம். உம்மா இதை எனக்குச் சொன்னது நான் வளர்ந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. ஊருக்குள் வர முடியாத அந்த மனிதர், என் பதிலைக் கேட்டுவிட்டு, தன் முறையை எங்களுக்கெல்லாம் முந்திச் செய்து முடித்திருந்தார். மாமாவுக்காகப் பொறுத்த முதல் ஆள் அவர்தான்.

அன்று வாப்பா கடையில் இருந்து வந்ததும் உம்மா சொன்னாள்: "வெள்ளிக்கிழம தொழுங்க."

வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குப் போனார்கள். ஜும்ஆ முடிந்து ஒலிபெருக்கியில் மாமாவின் பேர் சொல்லப்பட்டது. காயிப் ஜனாஸா என்றால் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மாமாவின் பேர் ஊருக்கெல்லாம் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. உம்மா முன்னறையில் பெட்டியை வைத்து, மூட்டையில் இருந்து ஒரு கெசட்டை எடுத்துப் போட்டாள். மாமா செருமினார். யாரோ பையன்களின் டெமோவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

பாதியில் பெட்டரி இறங்கிவிட்டது. எத்தனை வெயில் காய்ந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மாமாவின் குரல் மெல்ல மெல்ல இழுபட்டுக் கனத்தது. இருபத்தைந்து வயது மாமா, பள்ளிவாசல் விறாந்தையில் சாய்ந்திருக்கும் கிழவர்களைப் போல நிறுத்தி நிறுத்திக் கதைத்தார்.

"பொறு மச்சான். அவனுகளுக்கு வயசாகட்டும். அப்ப கேட்டுப் பாப்பம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா கிழவன் மாதிரிக் கதைக்கார்" என்று சொல்லிக்கொண்டு, வாப்பாவின் அலுமாரியில் இருந்த புதுப் பெட்டரியை எடுக்க எழுந்தேன். உம்மா என் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வேணாம் புள்ள. இப்பிடியே இரிக்கட்டும்" என்றாள்.

பெட்டரி இறங்கினது உம்மாவுக்கு விளங்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.