கப்பல் ரத்து என்று வந்த மெயில்

கடலூரின் பழைய நகரமான ஓ.டி.யில் ஒரு இறால் கம்பெனியில் ஏற்றுமதி பேப்பர்களைப் பார்க்கிற வேலை எனக்கு. தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். ஆபீஸை ஒட்டித்தான் இறால் உரிக்கிற ஷெட். பெண்கள் வரிசையாக நின்று ஐஸ் தண்ணீரில் கைவிட்டு உரித்துக்கொண்டிருப்பார்கள்.

2008 கடைசியில் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது. சரக்கு குறைந்ததால் கப்பல் கம்பெனிகள் திடீர் திடீரென்று கப்பல்களை ரத்து செய்தன. எங்கள் கன்டெய்னர் சென்னை துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த வாரம் கப்பலே இல்லை என்று தெரிந்தது. கிறிஸ்துமஸுக்குக் கேட்டிருந்த வெளிநாட்டுப் பார்ட்டி, இனிமேல் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ரத்து என்று முந்தின வாரமே மேனேஜருக்கு மெயில் வந்திருந்தது. அதை அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார். மாட்டிக்கொள்வோம் என்றதும் அதை அழித்துவிட்டு, மெயிலைப் பார்த்த நான் பயந்துபோய் மறைத்துவிட்டதாக முதலாளியிடம் என்மேல் பழி போட்டார். முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஷெட்டுக்குக் கூட்டிப்போய் அத்தனை பெண்கள் முன்னால் நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு பண்ண வேலைக்கு நாம எல்லாரும் கஷ்டப்படப் போறோம்" என்றார். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். அன்றைக்கே என்னை அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் அழுதேன். அப்புறம் அழுகை நின்றுபோய், அந்த மேனேஜரை அதே இடத்தில் நிற்கவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

சில மாதத்தில், கடலூரிலேயே கப்பலில் இடம் பிடித்துத் தருகிற ஒரு ஏஜென்சியில் சேர்ந்தேன். முதல் வாரமே கப்பல் கம்பெனியின் சென்னை ஆபீசுக்கு போன் போட்டு, அந்தப் பழைய மெயிலைத் திரும்ப அனுப்பச் சொன்னேன். வந்தது. பெறுநர் இடத்தில் மேனேஜருடைய முகவரி மட்டும்தான் இருந்தது. பிரின்ட் எடுத்து டிராயரில் வைத்தேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் ஒரு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள்.

2010இல் நிலைமை தலைகீழானது. வியாபாரம் திரும்பிவிட்டது, ஆனால் காலி கன்டெய்னர் எங்கேயும் கிடைக்கவில்லை. அதிலும் இறாலுக்கு வேண்டிய குளிர் கன்டெய்னருக்கு அடிதடி. எங்கள் ஏஜென்சிக்கு வாரத்துக்கு ஒன்று வந்தாலே பெரிசு. அதை யாருக்குக் கொடுப்பது என்பது என் பொறுப்பில் இருந்தது.

மேனேஜர் வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, சிரித்தபடி நலம் விசாரித்தார். குளிர்கிடங்கு ரொம்பிவிட்டது, ஒரு கன்டெய்னர் கொடுத்தால் போதும் என்றார்.

"ஒண்ணு இருக்கு சார். ஷெட்டுல போயி, அந்த மெயிலு யாருக்கு வந்துச்சுன்னு சொல்லிட்டு வாங்க. தரேன்."

சிரிப்பு நின்றது. எந்த மெயில் என்று கேட்டார். மறுநாள் அந்தக் கன்டெய்னரை இன்னொரு கம்பெனிக்கு எழுதினேன். அடுத்த வாரம் வந்ததையும் அப்படியே. வேறு ஏஜென்சிகளில் அவருக்கு எதுவும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது வாரம் முதலாளியே வந்தார். டிராயரைத் திறந்து பிரின்ட்டை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இத ஏம்மா அன்னிக்கே காட்டல?"

"அன்னிக்கு எங்கிட்ட இல்ல சார். நீங்களும் கேக்கல."

சனிக்கிழமை என்னை வரச்சொன்னார். போனேன். ஷெட்டில் அதே பெண்கள் முன்னால் மேனேஜர் ஈரத்தரையில் நின்று, மெயில் தனக்குத்தான் வந்தது, பழியை என்மேல் போட்டது தப்பு என்று சொன்னார். குரல் எழும்பவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் நான் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது, முன்பிருந்தே என்னோடு பஸ்ஸில் வரும் ஷெட்டு அக்கா ஒருத்தி பின்னாலேயே வந்தாள்.

"நீ கன்டெய்னர் தரலன்னுதான் எங்களுக்கு ரெண்டு வாரமா பாதி நாளு வேலை இல்லாம போச்சாமே, நெசமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அன்று மதியமே அந்த இறால் கம்பெனிக்கு ஒரு கன்டெய்னர் எழுதினேன். முதலாளி பழைய வேலைக்குக் கூப்பிட்டார், போகவில்லை. மேனேஜர் அடுத்த மாதம் ஊரைவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.