விடு என்றேன், விடவில்லை

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் இது எனக்கே நடந்தது. என் பட்டறையில், பட்டப்பகலில். இன்றைக்கும், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற அந்தப் பள்ளத்துக்குள் நான் தனியாக இறங்குவதில்லை.

ஒரு டீச்சரம்மா பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். "கிளட்ச் பெடல் சில நேரம் தானா உள்ள போயிடுதுங்க. காலை எடுத்தாலும் மேல வரமாட்டேங்குது. எத்தனையோ மெக்கானிக் பார்த்துட்டாங்க, யார் கைக்கும் சிக்கல." எனக்கா சிக்காது என்று மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டேன். இதற்கு முன் வண்டி யாரிடம் இருந்தது என்று கேட்டேன். "எங்க அப்பாகிட்ட" என்றார். உடனே ஆபீஸ் அறையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

காரைச் சுவரைப் பார்த்தபடி பள்ளத்தின் மேல் நிறுத்தினோம். பள்ளத்தின் படி அந்தச் சுவரோரம்தான் இருக்கிறது, பம்பருக்கு முன்னால். இறங்கிவிட்டால் தலைக்கு மேல் முழுக்க வண்டி. வெளியே வர அந்த ஓர் இடுக்குதான் வழி. என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, மேலே சீட்டில் உட்கார்ந்தான். சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொன்னேன். "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன் மாமா, போதும்" என்றான். சோம்பேறி. அந்த ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

கிளட்ச் பார்க்க எங்களுக்குள் இரண்டே வார்த்தை. நான் கீழிருந்து "அமுக்கு" என்பேன். அவன் பெடலை மிதிப்பான், கியர் பெட்டியோரம் ஒரு லீவர் நகரும். "விடு" என்பேன், காலை எடுப்பான், லீவர் திரும்பும்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. என்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் கிளட்சை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். கிளட்ச் அமுங்கியிருக்கும்வரை கியரில் இருந்தாலும் வண்டி நகரக் கூடாது. இம்மிகூட நகரவில்லை. கிளட்ச் நன்றாகத்தான் இருந்தது.

"சரி, நியூட்ரலுக்கு எடுத்துட்டு விடு!"

மேலே கியர் 'கடக்' என்றது. சீட்டு கிறீச்சிட்டது. ஆள் இறங்கினால் வண்டி லேசாக எழும்புமே, அப்படி எழும்பியது. கதவு சாத்தும் சத்தம். ஆனால் லீவர் திரும்பவில்லை...

"மாப்ள, விடுடா!"

லீவரைத் தொட்டுப் பார்த்தேன். மெல்ல நடுங்கியது. ரொம்ப நேரம் அழுத்தி மிதித்த கால் நடுங்குமே... அந்த நடுக்கம்.

"விளையாடாத. விடு!"

புகை பள்ளத்துக்குள் இறங்கியது. கண் எரிந்தது. இருமிக்கொண்டே படியேறினேன். சுவருக்கும் பம்பருக்கும் நடுவே தலையை விட்டேன், தோளை விட்டேன்... பாழாய்ப்போன தொப்பை மாட்டிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

சீட்டில் யாரும் இல்லை.

"விடு... யாரா இருந்தாலும் விட்டுடு..."

பம்பர் என் நெஞ்சில் அதிர்ந்தது.

யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடும் சத்தம்...

என் மூச்சு இல்லை.

மச்சான் டீச்சரம்மாவோடு ஓடி வந்தது அப்போதுதான். காலை எடுத்தும் பெடல் உள்ளேயே நின்றதாம். கோளாறு பிடிபட்டுவிட்டது, அவரிடம் காட்டலாம் என்று கூப்பிடப் போயிருக்கிறான். வண்டியை அணைக்காமல்! என்னைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். என்ஜின் நின்றது.

'டப்.'

பெடல் மேலே வந்தது.

மச்சான் கியரைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. "மாமா... நியூட்ரல் விழல. முதல் கியர்லயே இருக்கு."

விடு, விடு என்று தொண்டை கிழியக் கத்தினேனே! ஒரே ஒருமுறை விட்டிருந்தால், வண்டி முன்னால் பாய்ந்து சுவரோடு நசுங்கிச் செத்திருப்பேன்.

என்னை வெளியே இழுத்துப் போட்டதும் டீச்சரம்மா அழ ஆரம்பித்தார்.

"அப்ப நான் சின்னப் பொண்ணு. வண்டி முன்னாடி, சுவரோரம் பூனைக்குட்டியோட விளையாடிட்டு இருந்தேன். அப்பா ஸ்டார்ட் பண்ணிட்டு, நான் நகரட்டும்னு காத்திருந்தார். ஆற அமர விளையாடிட்டுத்தான் வந்து கதவைத் திறந்தேன். கால் கிளட்சை அமுக்கினபடியே இருந்துச்சு. வண்டி கியர்ல இருந்துச்சு. டாக்டர் வந்து... உயிர் போய் ரொம்ப நேரமாச்சுன்னு சொன்னார்."

"பெடல் எப்பல்லாம் உள்ள போகும்?" என்று கேட்டேன்.

"ஸ்கூல் வாசல்ல. பிள்ளைங்க குறுக்க வரும்போது. எங்க வீட்டுக்காரர்தான் சரி பண்ணியே ஆகணும்னார்."

"சரி பண்ண வேண்டாம்மா" என்றேன்.

எதையும் கழற்றவில்லை. டீச்சரம்மா வண்டியை ஸ்டார்ட் செய்து, பள்ளத்தை விட்டுப் பின்னால் எடுத்து நியூட்ரலில் வைத்திருந்தார். ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

டீச்சரம்மா குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு முழங்கால்களையும் மேலே தூக்கிக் காட்டி, பெடல் உள்ளே போயிருக்கிறது என்று தலையசைத்தார்.

நான் ஓரமாக விலகினேன்.

'டப்.'