இறக்காமத்திலிருந்து லண்டனுக்கு எத்தனை இரவு?

விமான டிக்கட் விற்பது பாதி வேலை; மீதி வேலை, 'அது எவ்வளவு தூரம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. என்னைப் போல் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கழுத்து வலி வாங்கிய தோழர்களுக்கு இது தெரியும். கல்முனையில் எங்கள் கடைக்கு வந்த உதுமாலெப்பை காக்காவைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். வயதில் மூத்தவரை எங்கள் பக்கம் காக்கா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

இரவுக் கணக்கு

காக்காவுக்கு இறக்காமத்தில் நாலு ஏக்கர் வயல். லண்டனில் இருக்கும் ஒரே மகளுக்கு இன்னும் மூன்று கிழமையில் பிரசவம். உம்மாவை, பெற்ற தாயை, இழந்த பெண்; பிறக்கும் பிள்ளையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைத் தன் வாப்பாதான் சொல்ல வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். விசா கையில் இருக்கிறது. வயலிலோ கதிர் முற்றிக்கொண்டிருக்கிறது, இருட்டினால் யானை வருகிறது, விடியும்வரை காக்காதான் காவல்.

கொழும்பிலிருந்து எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், நிற்காமல் பறந்தால் பதினொன்றரை மணித்தியாலம் என்றேன். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனில் போகும் எட்டு மணித்தியாலத்தையும் சேர்த்தேன். காக்கா தலையை ஆட்டினார்.

"மணித்தியாலம் வேணாம் தம்பி. எத்தின ராக்காவல் தவறும், அதச் செல்லுங்க."

நீளும் பகல்

அடுத்த கிழமை பயண நேரத்தை அச்சடித்துக் கொடுத்தேன். பகல் ஒரு மணிக்குப் புறப்பாடு, அன்றே மாலை ஏழுக்கு லண்டன். திரும்பும்போது இரவு எட்டுக்கு ஏறினால் மறுநாள் பகல் பன்னிரண்டரை. போக ஆறு, வரப் பதினாறரையா என்று காக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அங்கே கடிகாரம் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், விமானமும் சூரியன் போகும் பக்கமே போகிறது, அதனால் பொழுது மெதுவாகத்தான் சாயும் என்று விளக்கினேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. யானை பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குப் பிறகுதானே வயலில் இறங்கும்!

"அப்பிடிப் பகலப் புடிச்சு வைக்கிற பிளேன் ஒண்ட எங்கட வயலுக்கு மேல நிப்பாட்ட ஏலாதா தம்பி?"

சேற்றுச் சாரன்

அறுவடை முடித்துத்தான் போவேன் என்று தேதியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். மகளுக்கு வலி எடுத்த பிறகு புறப்பட்டால் பிந்திவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். எனக்கு எரிச்சல்தான். ஒரு நாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நின்றார், இடுப்பில் கட்டிய சாரனெல்லாம் சேறு. காவலில் அவர் கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் யானைகள் வயலைத் தின்று மிதித்துவிட்டுப் போயிருந்தன. அவர் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார்.

"ஆனை எனக்கு லீவு தந்திட்டு. நாளைக்கே டிக்கட்டப் போடுங்க."

லண்டன் அழைப்பு

அவர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பேத்தி பிறந்தாள். பாங்கு சொல்லிவிட்டு, அங்கிருந்தே எனக்குத் தொலைபேசி எடுத்தார். என் கண் கலங்கியதை ஒப்புக்கொள்கிறேன். எப்படிக் காக்கா, பயணம் ரொம்பத் தூரமா என்று கேட்டேன்.

"ஒரு நாள்ல வந்திட்டன் தம்பி. ஆனை வராட்டி, இன்னும் வந்திரிக்க மாட்டன்."

இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரத்தைக் கம்பியூட்டரில் ஒரு நொடியில் பார்த்துச் சொல்லிவிடுவேன். மனிதர் எப்போது புறப்படுவார் என்று தேடத்தான் அதில் இடமில்லை.