நான் இறக்கிய மைக்

சென்ற வருடம் தை மாதம், கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு பள்ளி அரங்கில் நடந்த பொங்கல் விழா அது. இப்போது எழுதும்போதும் கோபம் வருகிறது.

என்னோடு ஒரே அபார்ட்மென்டில் இருக்கும் தோழி யாழ்ப்பாணத்துக்காரி. பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், மீதி நேரமெல்லாம் ராப். ஒன்பது தமிழ்ப் பாட்டுகளைத் தானே எழுதி, எங்கள் துணி அலமாரிக்குள் மைக் வைத்துப் பாடி, ஆல்பமாக வெளியிட்டாள். வரிக்கு வரி நெருப்பு. கேட்டவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், யாரும் வாங்கவில்லை. "இந்த மேடையிலயும் எடுபடேல்லையெண்டா விட்டுடுவன்" என்று சொல்லியிருந்தாள்.

ஏன் விற்கவில்லை என்று நான் போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். ஒன்று, வார்த்தை புரிகிற பெற்றோருக்கு அந்தச் சத்தம் ஆகாது. இரண்டு, சத்தம் பிடிக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தமிழ் புரியாது. மூன்று, இரண்டும் பிடித்தவர்கள்கூட பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் போட மாட்டார்கள். இந்த ஊரில் காரை விட்டால் பாட்டுக் கேட்க ஏது நேரம்? இப்படியே பதினொன்று வரை போகும். எல்லாமே மற்றவர்கள் குற்றம்.

விழாவில் ஒலிக் கருவிகள் என் பொறுப்பு. அவள் மேடையேறும் முன் கமிட்டி அங்கிள் ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஃபேமிலி ஈவென்ட்மா. கடைசிப் பாட்டுல அந்த வார்த்தை வருதே, அத மட்டும் மியூட் பண்ணிடுங்க. ஒரு செகண்டுதானே?"

அந்த வார்த்தை அவளுடையதே அல்ல. வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்பியதற்காக, சொந்தக்காரர் ஒருவர் அவளைப் பார்த்துச் சொன்ன வசை. பாட்டே அதற்குப் பதில்தான். எனக்கு எல்லாம் தெரியும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவளிடமாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். "ஓகே அங்கிள்" என்றேன்.

அந்த இடம் வந்தது. அவள் மைக்கின் ஒலியை விரலால் இறக்கினேன். தாளம் ஓடியது, அவள் வாய் மட்டும் அசைந்தது. கூட்டம் கைதட்டியது.

பிறகு வரிசையில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். "வாய்ஸ் சூப்பர்மா, பக்திப் பாட்டு ட்ரை பண்ணிப் பாரேன்" என்றார் ஓர் ஆன்ட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் கோபப்பட எனக்கென்ன தகுதி என்பது அப்போது உறைக்கவில்லை.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். "ஆன்ட்டி, அந்த இடத்துல வாட் டிட் ஷி சே? ஐ வாஸ் ஃபாலோயிங் எவ்ரி லைன்!"

தமிழ் புரியாது என்று நான் பட்டியலில் ஒதுக்கிய பிள்ளைகளில் ஒருத்தி. "ஏதோ டெக்னிக்கல் பிராப்ளம்மா" என்று பொய் சொன்னேன்.

என் தோழி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மற்ற ஆக்கள் என்னை வாயை மூடச் சொன்னவை. நீ எனக்குச் சொல்லாமலே மூடிப்போட்டாய் என்னடி?"

அன்று நான் மன்னிப்புக் கேட்டபோது அவள் என்னைக் கடந்து போனாள். ஆனால் பாடுவதை விடவில்லை. அந்த வார்த்தையை அந்தப் பெண்ணிடம் அவளே சொன்னாள், பாட்டை முதலிலிருந்து பாடியும் காட்டினாள். இப்போது அவளுக்கு ஒலி பார்ப்பது வேறு ஆள்.

ஆல்பம் இன்றுவரை விற்கவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், போனிலுள்ள பட்டியலைத் திறக்காமல், அன்று மைக்கை இறக்கிய என் விரலைத்தான் பார்க்கிறேன்.