பிங்தி துறையில் நின்ற படகு

எங்கள் தாங்கெங் ஊரில் ரைஸ்மில் வைத்திருக்கும் ஷோங் கோபம் வந்தால் கத்தமாட்டான். பேச்சை நிறுத்திவிடுவான். கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம், வாயே திறக்காதவனை என்ன செய்வது? என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை என்பதால் இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

மகள் பாங் விஷயத்தில் அவன் மூன்று வருஷம் வாய் திறக்கவில்லை. பாங்கை என் மகனுக்கு என்று பேசி வைத்திருந்தோம். பெண் பிறந்தால் தாய்மாமன் வீட்டுக்குத்தானே முதல் உரிமை. அவளோ இளசுகள் ஜோடி தேடிக்கொள்ளும் கலர்ச் சோற்றுப் பண்டிகையில் பிங்தி ஊர்ப் பையன் ஒருவனோடு பாட்டுக்குப் பாட்டு பாடிவிட்டு, சோளம் விதைப்பதற்குள் அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். நியாயப்படி கோபப்பட வேண்டியவன் நான். என் மகன் சந்தோஷத்தில் துள்ளியதைப் பார்த்து எனக்குப் பாதிக் கோபம் அன்றைக்கே போய்விட்டது. அவனுக்கு டவுனில் செல்போன் கடையில் வேலை பார்க்கும் பெண் மேல் கண். ஷோங்தான் பிங்தி மண்ணை இனி மிதிக்கமாட்டேன் என்று ஊர் நடுவில் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, அதோடு வாயை மூடிக்கொண்டான்.

இந்த வருஷம் டிராகன் படகுத் திருவிழாவுக்கு அவனைத்தான் முரசுத் தலைவனாக்கினார்கள். படகின் முன்னால், எருமைக் கொம்பு வைத்த டிராகன் தலைக்குப் பின்னால், நீள அங்கி போட்டு உட்கார்ந்து முரசு அடிக்கிற ஆள். திரும்பி வந்து சேரும்வரை அவன் கால் தரையில் படக்கூடாது. ஆற்றோரம் எந்த ஊரில் அவனுக்குச் சம்பந்தக்காரர்கள் இருந்தாலும் வேட்டு வெடிப்பார்கள். வெடித்தால் படகு நின்றே ஆக வேண்டும். அந்த வீட்டு ஆண்பிள்ளை தண்ணீரில் இறங்கி வந்து வாத்தோ, அதைவிடப் பெரிய பெருவாத்தோ கொண்டுவந்து டிராகன் கழுத்தில் கட்டி, தலைவனுக்கு இரண்டு வாய் சாராயம் கொடுப்பான். பெண்கள் படகைத் தொடக்கூடாது. மகள் வாழ்கிற வீட்டிலிருந்து ஒன்றும் வராவிட்டால் அந்தத் தலைவனை ஆறு முழுக்கப் பேசிச் சிரிக்கும்.

படகு இறங்குகிற அன்று காலையில் என் தங்கை என்னைத் தனியாக இழுத்தாள்.

"அண்ணே, பிங்தில யாரு வந்து குடுப்பா? மாப்பிள்ளை எங்கேயோ தூரத்துல நிங்போவுல கட்டட வேலைல இருக்காரு. சம்பந்தியும் கண்ணை மூடிட்டாரு. வீட்ல இருக்கறது இவளும் மாமியாரும்தான்."

"அக்கம்பக்கத்துல ஒருத்தனை அனுப்பச் சொல்லு."

"வேற வீட்டு ஆளு குடுத்தா அது வேற வீட்டு வாத்துண்ணே. உனக்குத் தெரியாததா?"

"இவன் என்ன சொல்றான்?"

"என்ன சொல்லுவாரு? அவ பேரைச் சொல்லமாட்டாரு. பிங்தி பக்கம் தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு ஒரு வாரமா போறவங்க வர்றவங்களை எல்லாம் கேட்டுக்கிட்டிருக்காரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்தத் தடவை அவன் முகம் கறுத்துத் திரும்பினால், பாங்குக்குப் பிறந்த வீட்டுக் கதவு அதோடு சரி.

வழியில் எல்லா ஊரிலும் வேட்டு வெடித்தார்கள். டிராகன் கழுத்தில் பெருவாத்துகள் தொங்கிக் கத்தின. துடுப்புப் போட்ட எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு வாய் சாராயம் கிடைத்ததில் துடுப்பு தானாகவே போயிற்று. பிங்தி வளைவு வந்ததும் ஷோங் முரசை வேகமாக அடிக்க ஆரம்பித்தான். சுக்கான் பிடித்திருந்த லோ பெரியப்பா கேட்டார், "என்னப்பா, யாராவது துரத்தறாங்களா?" அவன் இன்னும் வேகமாக அடித்தான். கை முரசில் இருந்தது, கண் மட்டும் கரையை விட்டு நகரவில்லை.

கரையில் சத்தமே இல்லை. பிங்தி ஆண்கள் எல்லாம் அவர்கள் படகில் மேலே போயிருந்தார்கள். முரசு மெல்ல மெல்லத் தளர்ந்தது. அந்த நேரத்தில் அவன் முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வேட்டு வெடித்தது. புகை விலகியதும் பார்த்தால் பாங் தனியாக நிற்கிறாள். கக்கத்தில் ஒரு வெள்ளைப் பெருவாத்து, அதன் கழுத்தில் சிவப்புத் துணி, துணியோடு சேர்த்துக் கட்டிய சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலில் சாராயம்.

படகை நிறுத்தினோம். வேட்டு வெடித்தாயிற்றே. ஆனால் கொண்டுவந்து கொடுக்க ஆண் எங்கே?

"நான் குதிச்சுப் போய் வாங்கிட்டு வரட்டுமா?" என்றேன்.

"நாமளா போய் வாங்கினா அதுக்குப் பேரு பிச்சை. சும்மா உக்காருடா," என்றார் லோ பெரியப்பா.

பாங் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முழங்கால் ஆழம்வரை இறங்கி, பெருவாத்தைத் தண்ணீரில் விட்டு, எங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டாள். படகில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்தோம். வேறு வீட்டு ஆணும் கொண்டுவரவில்லை, பெண்ணும் படகைத் தொடவில்லை. ஆறு கொண்டுவருவதை யார் குறை சொல்வது?

ஆனால் அந்தப் பாழாய்ப்போன பெருவாத்துக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமா? இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக அவளிடமே திரும்பிப் போயிற்று. மறுபடி தள்ளினாள், மறுபடி வந்தது. வளர்த்த கையை விட்டு அது எங்கே போகும்? நாங்கள் வா வா என்று கூப்பிட்ட கூச்சலில் மிரண்டு இன்னும் அவள் காலோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் பாங் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, கரையேறி ஓடி வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளைக் காணாமல் அது நடு ஆற்றில் கத்திக்கொண்டு நின்றது. நீரோட்டம் அதை ஆற்றோடு இழுக்க ஆரம்பித்தது.

"போச்சு," என்றான் யாரோ.

ஷோங் முரசுக் குச்சியைக் கீழே வைத்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

"லியே... லியே... லியே ஊ..."

எங்கள் ஆற்றங்கரையில் வாத்துக் கூப்பிட வீட்டுக்கு வீடு ஒரு குரல் உண்டு. ஒரு வீட்டு வாத்து இன்னொரு வீட்டுக் குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது ஷோங் வீட்டுக் குரல். அந்தப் பெருவாத்து பிங்தியில் பிறந்து பிங்தியில் வளர்ந்தது, ஷோங்கை அது கண்ணால் கண்டதில்லை. ஆனால் சட்டென்று கழுத்தை நிமிர்த்தியது. நீரோட்டத்தை எதிர்த்து, பாட்டில் பின்னால் இழுபட, நேராக அவனிடம் வந்து சேர்ந்தது.

மூன்று வருஷமாகப் புருஷன் வீட்டு முற்றத்தில் அவள் எந்தக் குரலில் கூப்பிட்டுத் தீனி போட்டிருக்கிறாள் என்று படகில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

ஷோங் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் குடித்தான். பிறகு வைக்கோல் போரைப் பார்த்து, கரகரத்த குரலில் சொன்னான்.

"ஏன்டி, கழுத்துல இப்படியா இறுக்கிக் கட்டுவ? மூச்சு முட்டிச் செத்திருக்கும்."

போருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "அவுக்க முடியலேன்னா மாமாகிட்ட குடுங்கப்பா."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. லோ பெரியப்பா சுக்கானில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் சிரித்தார்.

"படகு கரையேறின மறுநாள் விருந்து," என்றான் ஷோங். "வாத்து குடுத்த வீடு வந்து சாப்பிட்டே ஆகணும். மாமியாரையும் கூட்டிட்டு வா. அது வழக்கம்."

பாங் போரை விட்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் வைக்கோல் தூசு. "வழக்கத்துக்காகக் கூப்பிடறீங்களாப்பா?"

அவன் பெருவாத்தின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். மறுபடி வாயை மூடிவிட்டானோ என்று எனக்குப் பகீரென்றது. துடுப்பால் ஒரு இடி இடிக்கலாம் என்று நினைத்தபோது நிமிர்ந்தான்.

"இல்ல பாங்," என்றான். "நான் கூப்பிடறேன்."